விட்டுவிடலாம்

ஆபரேஷனுக்கு ஓடுகிற அவசரத்தில் பெரிய டாக்டர் சொல்லிவிட்டுப் போனது மூன்றே சொல்: "லெட் ஹிம் கோ." பெஞ்சில் காத்திருந்த அம்மாவிடம் சொல்லிவிடு என்று கையைக் காட்டினார். தியேட்டர் கதவு மூடிக்கொண்டது.

மொழிபெயர்ப்பாளன் அந்த மூன்று சொல்லையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஐ.சி.யூ.வில் மூச்சு இயந்திரத்தோடு கிடந்தவர் ஜப்பானிய இன்ஜினியர். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடி. நேற்று சாயங்காலம் கண்ணைத் திறந்தார் என்று எல்லோருக்கும் உயிர் வந்தது. விடிந்ததும் வலிப்பு. ஆக, தேறிவிட்டார், வார்டுக்கு விடலாம் என்றாரா? இனி ஒன்றுமில்லை, போக விடலாம் என்றாரா? ஜப்பானியத்தில் இரண்டுக்கும் வேறு வேறு பேச்சு. மழுப்ப இடமே இல்லை.

இன்ஜினியரின் மனைவி பெஞ்சிலிருந்து எழுந்து அவன் வாயையே பார்த்தாள். "என்ன சொன்னார்?"

"ஒரு நிமிஷம், கேட்டுட்டு வந்துடறேன்" என்று அவள் மொழியில் சொல்லிவிட்டு ஓடினான். ஓடியிருக்கக் கூடாது என்று பாதி வழியில்தான் உறைத்தது.

அவனுடைய அக்கா அங்கேதான் நர்ஸ். அவன் சொன்னதைக் கேட்டு அவள் முகம் சுருங்கியது.

"உள்ள வேற ஒருத்தருக்கு வயித்தக் கிழிச்சு வச்சிருக்காங்கடா. இப்ப எப்படிக் கேக்கறது?"

"எப்படியாவது கேளுக்கா. நம்ம பாஷைன்னா 'விட்டுடலாம்'னு சொல்லித் தப்பிச்சிருப்பேன்."

"நம்ம பாஷையிலயும் தப்பிக்க முடியாது. உன் மூஞ்சியே சொல்லிடும்" என்றவள், மாஸ்கைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அவன் சுவரில் சாய்ந்து நின்றான். வார்டுக்கு, வார்டுக்கு என்று வாய் தானாக முணுமுணுத்தது. தேர்வு எழுதும்போதுகூடக் கும்பிடாத சாமியையெல்லாம் கூப்பிட்டான்.

அக்கா வெளியே வந்தாள். மாஸ்கைக் கழற்றவில்லை.

"மெஷின எடுத்துடறதத்தான்டா சொன்னாராம். காலைல எடுத்த ஸ்கேன்ல மூளைக்கு ரத்தமே போகலையாம். ஆபரேஷன முடிச்சுட்டு டாக்டரே வந்து பேசறாராம். அதுவரைக்கும் அந்தம்மாவத் தனியா விடாதன்னாரு."

அவன் அக்காவோடு அந்த அம்மாவிடம் திரும்பி வந்தான். டாக்டர் வருவார் என்று தொடங்கினான்.

"நீங்களே சொல்லுங்க" என்றாள் அவள். "அவர் சொல்லி, அப்புறம் நீங்க சொல்லி, ரெண்டு தடவை என்னால கேக்க முடியாது."

படித்த சொல்லெல்லாம் பிணத்தை அளக்கிற சொல்லாகத் தோன்றியது. கடைசியில், வலியில் அழுகிற பிள்ளையைத் தாய் கீழே படுக்க வைக்கும்போது சொல்வதுபோல், "இனி அவரைக் கஷ்டமில்லாம இருக்க விடுவோம்" என்றான்.

அவள் உட்காரவில்லை, அழவும் இல்லை. ஏதோ கேட்டாள். அவன் அக்காவிடம் திரும்பினான்.

"டாக்டர் வர்றதுக்குள்ள அவருக்கு ஷேவ் பண்ணி விடலாமான்னு கேக்கறாங்கக்கா. தாடியோட இருக்கறது அவருக்குப் பிடிக்காதாம்."

அக்கா ரேசர் எடுத்து வரப் போனாள்.