ஹுவாய் லோம் சொன்ன பெயர்கள்

லாவோ நாட்டின் காட்டுக் காளான்கள் அத்தனையையும் ஒரே புத்தகத்தில் கொண்டுவருவது என்று தலைநகர் வியந்தியானின் பல்கலைக்கழகத்தில் எங்கள் துறை முடிவு செய்தபோது, வடக்கு மலைப்பக்கம் கேசோனின் பங்குக்கு வந்தது. ஒவ்வொரு காளானுக்கும் படம், அறிவியல் பெயர், தின்னலாமா கூடாதா என்ற குறிப்பு. இவ்வளவுதான் முதலில் திட்டம். அதைத் தின்கிற மக்கள் அதை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்பதையும் போட்டே ஆகவேண்டும் என்று கூட்டத்தில் சண்டை பிடித்தவள் கேசோன்தான். லத்தீன் பெயரை வைத்துக்கொண்டு எந்த வீட்டில் குழம்பு வைக்கப் போகிறார்கள் என்று கேட்டாள். துறைத் தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஒத்துக்கொண்டார்.

கம்மு என்ற மலைமக்கள் வாழும் ஹுவாய் லோம் ஊருக்கு அவள் போனது அப்படித்தான். ஜீப் ஓடைவரை போயிற்று, அப்புறம் சேற்றில் நடை. ஊர்த்தலைவர் காம்பான் அவள் கொண்டுபோன அரசாங்கக் கடிதத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஊன்லா வீட்டில் தங்கிக்கொள்ளச் சொன்னார். ஊன்லா கணவனை இழந்தவள், கேசோனைவிடச் சற்று இளையவள். கீழே சந்தையூரில் நூடுல்ஸ் கடையில் சில வருடம் வேலை பார்த்திருந்ததால் லாவோ மொழியைத் தண்ணீராகப் பேசுவாள். ஊரில் மற்றவர்களுக்குத் தெரிந்த லாவோ, உப்பும் சோப்பும் வாங்குகிற அளவுக்குத்தான். ஆகவே ஊர் பேசியதெல்லாம் கேசோனின் காதுக்கு ஊன்லாவின் வாய் வழியாகவே வந்து சேர்ந்தது.

காலையில் பெண்களோடு கூடையை மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போவாள். திரும்பி வந்து, காளானை நெடுக்காக வெட்டிப் பார்ப்பது, படம் எடுப்பது, தொப்பியை வெள்ளைத்தாளில் கவிழ்த்துவைத்து உதிர்கிற தூளின் நிறத்தைக் குறிப்பது, கரி அடுப்புக்கு மேலே தட்டி கட்டி உலர்த்துவது என்று பொழுது போகும். சாயங்காலம் ஊன்லா வீட்டில் நாலைந்து பேர் கூடுவார்கள். நடுவில் அரிசி மது ஜாடி, அதில் உறிஞ்சிக் குடிக்க நீளமான மூங்கில் குழாய்கள். கேசோன் ஒரு காளானைத் தூக்கிக் காட்டுவாள். ஊன்லா கம்மு மொழியில் கேட்பாள். யாராவது ஒரு பெயர் சொல்வார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், ஊன்லா அதை நிறுத்தி நிறுத்தித் திருப்பிச் சொல்வாள், கேசோன் லாவோ எழுத்தில் எழுதிக்கொள்வாள்.

அவள் ஏமாளி இல்லை. அதே காளானை மறுநாள் வேறொரு வீட்டில் காட்டிக் கேட்பாள். அதே பெயர் வரும். இன்னொரு வீட்டிலும் அதுவே வரும். அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? பக்கத்து ஊரிலும் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று நினைத்தபோது, அங்கே பேச்சு வேறுமாதிரி, வழியும் மண்சரிந்து கிடக்கிறது என்றாள் ஊன்லா. கேசோன் விட்டுவிட்டாள்.

மூன்று மழைக்காலம் அந்த வீட்டில் தங்கினாள். இரண்டாம் வருடம் கடுமையான காய்ச்சல் வந்தபோது ஊன்லாதான் கஞ்சி ஊட்டினாள், கைபிடித்து வெளியே கூட்டிக்கொண்டுபோய் வந்தாள். எழுந்து உட்கார்ந்தபிறகு, அவள் உயிர் உடம்பிலேயே தங்கவேண்டும் என்று ஊரே வந்து அவள் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டியது. தன் கல்யாணம் முறிந்துபோன கதையை, அம்மாவிடம்கூடச் சொல்லாத பகுதியோடு சேர்த்து, கேசோன் ஊன்லாவிடம் சொன்னாள். ஒரு பாயில் படுத்து, ஒரு கிண்ணத்தில் மிளகாய்த் துவையல் தொட்டு, ஒட்டரிசிச் சோறு உருட்டித் தின்றவர்கள். கூடப்பிறந்தவள் இல்லாத குறை தீர்ந்தது என்று எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

அந்த ஊரில் அவளுக்குக் கிடைத்ததிலேயே பெரிய பேறு ஒரு மஞ்சள் தொப்பிக் காளான். மலைச்சரிவில் ஒருவகை மரத்தடியில் மட்டும் முளைப்பது. குழம்பு வைத்தால் கோழிச்சாறு போல இனிக்கும். எங்கள் பதிவுகளில் எங்கேயும் இல்லாதது. அதன் பெயர் மட்டும் மிகவும் நீளமாக இருந்தது. காளானுக்கு இவ்வளவு பெரிய பெயரா என்று கேட்டதற்கு, "பழைய பேரு அக்கா. பழசெல்லாம் நீளமாத்தான் இருக்கும்" என்றாள் ஊன்லா. அந்தச் சாயங்காலம் சிரிப்பு அடங்கவே இல்லை. காம்பானுக்கு மது மூக்கில் ஏறிவிட்டது. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக் கேசோனும் வயிறு வலிக்கச் சிரித்தாள். புத்தகம் வந்தபோது வடக்குப் பகுதியின் முதல் பக்கத்தில் அந்தக் காளானையே வைத்தாள்.

புத்தகம் நன்றாக வந்திருந்தது. வானொலியில் கம்மு மொழி நிகழ்ச்சி நடத்தும் தோங்சை என்பவர், காளான் பெயர்களை அவள் குரலிலேயே ஒலிபரப்பலாம் என்று கூப்பிட்டார். அவரும் கம்மு இனத்தவர்தான். பதிவு தொடங்கும் முன் அவர் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு பக்கம் தாண்டியதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்த கேசோன் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு அவரே வந்தார். அப்போது முகத்தில் சிரிப்பு இல்லை.

"மேடம், இதெல்லாம் யார் சொன்ன பேரு?"

ஊரே சொன்னது என்றாள்.

"இது காளான் பேர் இல்ல மேடம்."

அவர் சொல்லத் தயங்கினார். அவள் விடவில்லை. ஒவ்வொன்றாகக் கைவைத்துக் காட்டினாள்; அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு பொருள் சொன்னார். ஒன்றுக்குப் பொருள் 'மச்சினன் குறட்டை'. ஒன்று 'காம்பானின் பழைய டவுசர்'. ஒன்று 'சொன்னதையே கேட்கிறாள்'. இன்னொன்று வெறும் 'எழுதிக்கோ, எழுதிக்கோ'. மஞ்சள் காளானுக்கு வந்தபோது, அது வேண்டாமே என்றார். சொல்லுங்கள் என்றாள்.

"'நீலக் கோட்டுக்காரி எப்ப வீட்டுக்குப் போவா?'"

மழைக்காலம் முழுக்க அவள் போட்டிருந்தது ஒரு நீல மழைக்கோட்டு.

பதிவு நடக்கவில்லை. துறைத் தலைவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கம்மு படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இந்தப் புத்தகத்தை வாங்கப் போகிறார்கள், விட்டுவிடு என்றார். ஆனால் மாணவர் விடுதியில் வடக்கத்திப் பிள்ளைகள் இருந்தார்கள். வாரம் திரும்புவதற்குள் தாழ்வாரத்தில் கேசோன் வந்தால் யாரோ ஒருவர் மெதுவாக அந்த நீளப் பெயரைச் சொல்ல, இன்னொருவர் இருமுவதுபோல் சிரிப்பார். அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து அவள் திரும்பத் திரும்ப நினைத்தது வேறு: அந்தச் சாயங்காலம் ஊன்லா சிரித்துச் சிரித்து, பாவாடை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

ஒரு காளானும் முளைக்காத வறட்டுக் காலத்தில் அவள் ஹுவாய் லோமுக்குப் போனாள். ஊன்லா முற்றத்தில் துடைப்பப்புல்லைக் கட்டையில் அடித்து விதை உதிர்த்துக்கொண்டிருந்தாள். கேசோனைக் கண்டதும் எழுந்தாள். முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள். கேசோன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அவள் மடியில் போட்டாள். படிக்கத் தெரியாவிட்டாலும் மஞ்சள் காளான் படம் அவளுக்குத் தெரிந்தது.

"தின்னலாம், கூடாதுன்னு சொன்னீங்களே, அதுவாவது நிஜமா?" என்றுதான் கேசோன் முதலில் கேட்டாள். புத்தகத்தை நம்பி யாராவது செத்துப்போனால் என்ற பயம் வழி நெடுகிலும் அவளோடு வந்திருந்தது.

ஊன்லாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சாவுற விஷயத்துல பொய் சொல்லுவமா? எங்களை என்னன்னு நெனச்சே?"

"என்னன்னு நெனைக்கணும்னு நீயே சொல்லு."

ஊன்லா புல்லை ஓரமாக வைத்தாள். கேசோன் வருவதற்குச் சில வருடம் முன்பு, காட்டு ஆர்க்கிட் பூக்களைக் கணக்கெடுக்க ஒருவர் வந்தாராம். நல்ல மனிதர், ஜாடியில் எல்லோரோடும் குடித்தார், நூல் கட்டிக்கொண்டார். ஊர் எல்லாப் பெயரையும் சொன்னது. கம்மு பேச்சில் காட்டுப்பொருளின் பெயரிலேயே அது இருக்கும் இடம் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்ன ஓடை, இன்ன சரிவு, இன்ன மரம் என்று. அவர் எழுதிப்போன பெயர்களை வைத்து வியாபாரிகள் ஆள் அனுப்பினார்கள். சரிவெல்லாம் சுரண்டிக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம், பூ அழிகிறது என்று சொல்லி அதே சரிவில் உள்ளே நுழையத் தடை என்று பலகை நட்டார்கள். தடை யாருக்கு? ஊருக்கு. அதனால்தான் கேசோன் கடிதத்தோடு வந்து இறங்கிய அன்றே காம்பான் வீட்டில் கூடிப் பேசினார்கள். காளானைக் காட்டலாம், கையால் எடுத்துக் கொடுக்கலாம், பெயரை மட்டும் கொடுக்கக் கூடாது. ஆளுக்கொரு பொய்யாகப் போய்விடாமல் எல்லா வீட்டிலும் ஒரே பெயரைச் சொல்லி வைத்தார்கள்.

கேசோன் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த நியாயம் அவளுக்குப் புரிந்தது. புரிந்ததுதான் அவளுக்கு இன்னும் கோபமாக இருந்தது.

"ஊர் சொல்லட்டும். ஊர் எனக்கு யாரு? நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பேரைச் சொல்ல வேணாம், இது பொய், எழுதாதேன்னு சொல்லியிருந்தா நான் எழுதியிருப்பேனா?"

"மொத வருஷம் நீ யாரோ ஒருத்தி," என்றாள் ஊன்லா. "ரெண்டாவது வருஷம் அக்கா ஆயிட்டே. அப்புறம் எந்த வாயால சொல்றது, மொத வருஷம் சொன்னதெல்லாம் பொய்னு?"

"எப்ப வீட்டுக்குப் போவான்னு பேரு வெச்சீங்களே. அது எந்த வருஷம்?"

அது மூன்றாவது வருடம். இருவருக்கும் தெரியும்.

"அதைச் சொன்னது காம்பான்," என்றாள் ஊன்லா. "குடிச்சிட்டு வெளையாட்டுக்குச் சொன்னாரு."

"நீயும் சிரிச்சே."

"சிரிச்சேன்."

அவள் மன்னிப்புக் கேட்பாள் என்று கேசோன் காத்திருந்தாள். ஊன்லா கேட்டது வேறு.

"மூணு மழைக்காலம் இந்த வீட்டுல இருந்தே. போறதுக்கு எங்க பேச்சுல என்ன வார்த்தைன்னு ஒருநாள் கேட்டியா? வீட்டுக்கு என்ன, மழைக்கு என்ன? காளானுக்கு மட்டும்தான் பேரு கேட்டே. அந்த ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஜாடியை எட்டி உதைச்சிருப்பே. நானும் அப்பாடான்னு இருந்திருப்பேன்."

அதுவும் கேசோனுக்கு நியாயமாகவே பட்டது. நியாயம் என்பதால் வலி குறைந்துவிடவும் இல்லை. அவள் எழுந்து நடக்கத் தொடங்கினாள். ஊன்லா ஓடைவரை பின்னாலேயே வந்தாள். கல் மேல் கால் வைக்கும்போது கையைப் பிடித்து நிறுத்தினாள். ஊருக்குத் தெரிய வேண்டாம், நிஜப் பெயர்களை நான் சொல்கிறேன், எழுதிக்கொள் என்றாள். ஊருக்குத் தெரிந்தால் அவளால் அங்கே தலைகாட்ட முடியாது. அதையும் தாண்டித்தான் சொல்ல வந்திருந்தாள்.

கேசோன் கையை விடுவித்துக்கொண்டாள்.

"நீ இப்பச் சொல்றது நிஜம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கேசோன் ஓடையைத் தாண்டிப் போய்விட்டாள்.

இரண்டாம் பதிப்பில் வடக்குப் பகுதிக் காளான்களுக்கு நேரே கம்மு பெயர் போட வேண்டிய இடத்தில் சின்னக் கோடு மட்டும் இருக்கிறது. இன்னொரு கம்மு ஊருக்கு ஆள் அனுப்பி நிஜப் பெயர்களைக் கேட்டு வாங்கலாமே என்றார் தலைவர். நாங்களும் சொன்னோம். கேசோன் மறுத்துவிட்டாள். ஹுவாய் லோம் அவளை ஏமாற்றியது என்று யாராவது பேசத் தொடங்கினால் பேச்சை மாற்றிவிடுவாள். பெயர் வெளியே போனால் சரிவும் போய்விடும் என்ற காரணத்தையும் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மட்டும், அதுவும் வெகுநாள் கழித்து, ஒரு மத்தியானச் சாப்பாட்டின்போது சொன்னாள். வாரம் ஒருநாள் தோங்சையிடம் கம்மு படிக்கப் போகிறாள். எதற்கு என்று கேட்டால் தோளைக் குலுக்குவாள்.

அதன்பிறகு அவள் அந்த ஊருக்குப் போகவே இல்லை. அந்த மலைக்குக் கைபேசிக் கோபுரம் வந்தபிறகு ஊன்லா ஒருமுறை கூப்பிட்டாள். நான் அப்போது அறையில்தான் இருந்தேன். கேசோன் அன்பாகத்தான் பேசினாள். ஊன்லாவின் பல்வலியைப் பற்றிக் கேட்டாள், வேலை எப்படிப் போகிறது என்று கேட்டாள். இங்கே நல்ல மழை அக்கா என்று ஊன்லா சொன்னது எனக்கே கேட்டது. அப்படியா, சந்தோஷம் என்றாள் கேசோன்.

போனை வைத்ததும், அதே மாவட்டத்தில் வேலையாக இருந்த எங்கள் ஓட்டுநருக்கு அவள் போன் போட்டாள். அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டாள்.

"கொட்டுதுங்க," என்றார் அவர்.