இரண்டு கிலோ காற்று

வீட்டில் தம்பிக்குப் பம்பு என்று பெயர் வைத்தது அக்காதான். சும்மா வைத்த பெயரில்லை. அக்கா சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி ஏர் ரைபிள் சுடுகிறவள். ரைபிளின் குழலுக்குக் கீழே ஒட்டியிருக்கும் சின்ன உருளையில் காற்றை அடைத்தால்தான் குண்டு பறக்கும். அடைப்பதற்கு ஒரு கைப்பம்பு இருந்தது. அதை இரண்டு காலாலும் மிதித்துப் பிடித்துக்கொண்டு, உடம்பின் கனத்தையெல்லாம் கைப்பிடி மேல் போட்டு அழுத்த வேண்டும். தோள் வலுவைப் பார்த்தால் தம்பியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள் அக்கா. ஆனால் நிற்க வேண்டுமே! அதனால் சாயங்காலம் ஆனால் தம்பி பம்பு அடிப்பான். பாதியில் பம்பின் அடிப்பாகம் கொதிக்கும். ஆறவிட்டு மறுபடி அடிப்பான்.

இப்போது அவனுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ரயில். அக்காவின் தகுதிப் போட்டியோ அதற்கு அடுத்த வாரம். அப்பாவின் முட்டி மாடிப்படி ஏறவே கெஞ்சும். அவரைப் பம்பு மேல் ஏற்ற முடியாது. ஆகவே, தான் போன பிறகு அக்காவே ரைபிளை நிரப்பிக்கொள்ள ஒரு காற்றுச் சிலிண்டர் வாங்கி வைத்துவிட வேண்டும் என்று தம்பி தீர்மானித்தான்.

தீர்மானித்தானே தவிர, எதை வாங்குவது என்பதில் அவனுக்குத் தலை சுற்றியது. எஃகா, கார்பன் நார் சுற்றியதா, எத்தனை லிட்டர், அழுத்தம் தாங்குமா என்று கடைசியாக எப்போது சோதித்தது என்று தாளில் கட்டம் கட்டமாகப் போட்டு நிரப்பினான். ராத்திரி ஒரு முடிவுக்கு வருவான். காலையில் பல் தேய்க்கும்போது அது நுரையோடு போய்விடும்.

"நல்லா யோசிச்சு வாங்குடா," என்றார் அப்பா. "வீட்டுக்குள்ள வெடிகுண்டு வைக்கறதுன்னு ஆயிப்போச்சு. என் கட்டில் பக்கம் மட்டும் வேணாம்."

"ஏம்ப்பா, நீங்க விடற குறட்டையை விடவா அது சத்தம் போடும்?" என்றாள் அக்கா.

சனிக்கிழமை மத்தியானம் இருவரும் கடைக்குப் போனார்கள். முங்கு நீச்சல்காரர்களுக்கும் தீயணைப்புக்காரர்களுக்கும் சாமான் விற்கும் கடை அது. ரப்பர் வாசனை. சுவரோரம் சிலிண்டர்கள் மஞ்சளும் சாம்பலுமாக வரிசை கட்டி நின்றன. கடைக்காரம்மா கையுறையைக் கழற்றாமலே, "என்ன தம்பி, கடலுக்கா, நெருப்புக்கா?" என்று கேட்டாள்.

"துப்பாக்கிக்கு," என்றாள் அக்கா.

கடைக்காரம்மா அவளை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள். பிறகு மூன்று சிலிண்டர்களை முன்னால் எடுத்து வைத்தாள். முதலாவது பெரிய எஃகுச் சிலிண்டர். விலை குறைவு, வயிறு பெரிது, ஆனால் தம்பியே முக்கி முனகித்தான் நகர்த்தினான். இரண்டாவது கைக்கு அடக்கமான குட்டி. நாலைந்து தடவை ரைபிளை நிரப்பினால் காலி. மூன்றாவது கறுப்பாக, கார்பன் நார் வரிவரியாகச் சுற்றியது. பழையதுதான், ஆனால் இந்த வருஷம்தான் சோதித்திருந்தார்கள், ஆயுளும் பாக்கி இருந்தது.

தம்பி தாளைப் பிரித்தான். அக்கா அதை வாங்கி மடித்து அவன் சட்டைப்பையிலேயே செருகினாள்.

"அந்தக் கறுப்பை என் மடியில வை."

வைத்தான். அவள் கடை முழுக்க ஒரு சுற்று ஓட்டினாள், கண்ணாடி அலமாரி அருகே வளைந்து திரும்பினாள், நின்றாள். மடியில் இருந்தபடியே வால்வை இடது கையால் திறந்தாள், மூடினாள். அழுத்தமானியின் முள் தனக்கு நேராகத் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தாள்.

"இதுதான்."

"அக்கா, இன்னும் ஒரு தடவை யோசிச்சு…"

"நீ யோசிச்சு முடிக்கறதுக்குள்ள போட்டியே முடிஞ்சிடும்டா."

மறுநாள் ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டியை எடை பார்க்க வாங்கியிருந்த கொக்கித் தராசு அவன் தோள்பையில் கிடந்தது. அக்காவால் தூக்க முடியுமா என்ற கவலையில் காலிச் சிலிண்டரை அதில் மாட்டித் தூக்கிப் பார்த்தான். ஐந்து கிலோ இருநூற்று எண்பது கிராம். சரி, முடியும்.

கடைக்காரம்மா சிலிண்டரைத் தடித்த குழாயில் இணைத்தாள். வெளியே இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள், மளமளவென்று திறந்துவிட்டாள். சீறல் ஒன்று எழுந்து, மெல்ல மெல்லச் சன்னமாகி, கடைசியில் சிலிண்டர் எதையோ காதோடு சொல்வது போல ஆனது. முள் நூறைத் தாண்டியது, இருநூறைத் தாண்டியது.

"கார் டயர்ல காத்தழுத்தம் எவ்வளவு இருக்கும் தெரியுமா? ரெண்டரை பார்," என்றாள் கடைக்காரம்மா. "இதுல முந்நூறு."

தம்பி சிலிண்டர் மேல் உள்ளங்கையை வைத்தான். காய்ச்சல் கண்ட உடம்பு போல அனலடித்தது. ஓர் அலமாரி கொள்ளாத காற்று இந்தக் கறுப்புக் கூட்டுக்குள் நெருக்கியடித்து நிற்கிறது. அத்தனையும் வெளியே வரத் துடிக்கிறது. ஒரு விரல் தடிமன்கூட இல்லாத ஒரு சுவர் அதை நில்லு என்று நிறுத்தி வைத்திருக்கிறது. அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. என்ன தோன்றியதோ, குழாயைக் கழற்றியதும் கொக்கித் தராசை மறுபடி மாட்டினான். ஏழு கிலோ முந்நூற்று எண்பது.

"அக்கா! ரெண்டு கிலோ ஏறியிருக்கு!"

"அதுக்கென்ன?"

"காத்துக்கா! வெறும் காத்து! ரெண்டு கிலோ!"

காற்றுக்கு எடை உண்டு என்று பள்ளிக்கூடத்தில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். ஆனால் இப்போது அந்தக் காற்று அவன் முழங்கையைக் கீழே இழுத்தது. தெருவில் வரும்போது மரத்தை அசைக்காத, கண்ணுக்குத் தெரியாத அந்தச் சமாசாரத்தை அவன் அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தான். அக்கா மடியில் சிலிண்டரோடு முன்னால் போனாள்.

"ஊர்ல எல்லாரும் காத்து வாங்கப் போனா வெறுங்கையோட திரும்புவாங்க," என்று வாசலில் வரவேற்றார் அப்பா. "என் பிள்ளைங்க நிஜமாவே வாங்கிட்டு வந்துட்டாங்க."

விளக்கு வைக்கும் நேரத்தில்தான் தம்பி அழுத்தமானியைப் பார்த்தான். முள் முந்நூறில் இல்லை. இருநூற்று எழுபது.

சோப்புத் தண்ணீர் கரைத்து வால்வைச் சுற்றி, கழுத்தைச் சுற்றித் தடவினான். ஒரு குமிழி இல்லை. அதுவே அவனை இன்னும் பயமுறுத்தியது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை என்றால் அது எங்கே இருக்கிறது? கடைக்குப் போன் செய்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நாளைக்குக் கடை லீவு.

"நான்தான் தப்பாத் தேர்ந்தெடுத்துட்டேன்," என்றான். "எஃகுல வாங்கியிருக்கணும்."

"தேர்ந்தெடுத்தது நான்," என்றாள் அக்கா.

"போட்டி வரைக்கும் நான் போகலைக்கா. டிக்கெட்டை ரத்து பண்றேன். கைப்பம்பு இருக்கு, நான் அடிக்கறேன்."

"ஆபீஸ்ல என்ன சொல்லுவ? அக்கா துப்பாக்கிக்குக் காத்து போயிடுச்சுன்னா?" அக்காவின் குரல் உயர்ந்தது. "திங்கட்கிழமை சேரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்கன்னு நீதானே சொன்ன? உன் வேலையில மண்ணைப் போட்டுட்டு நான் போய்ச் சுடணுமா?"

அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். தம்பி போனில் டிக்கெட்டைத் தேட ஆரம்பித்தான். அக்கா நாற்காலியை உருட்டி வந்து போனைப் பிடுங்கித் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"தராசை எடு."

"எதுக்கு?"

"கசிஞ்சிருந்தா எடை குறைஞ்சிருக்கணும் இல்ல? ரெண்டு கிலோ ரெண்டு கிலோன்னு தெரு முழுக்கக் கூவிட்டு வந்தியே, இப்ப போட்டுப் பாரு."

தூக்கியதும் தராசில் எண்கள் ஓடின. மூச்சைப் பிடித்து நின்றான். எண்களும் நின்றன.

ஏழு கிலோ முந்நூற்று எண்பது.

இன்னொரு முறை தூக்கினான். அதேதான். ஒரு கிராம்கூட எங்கும் போகவில்லை. அவன் முள்ளைப் பார்த்தான், தராசைப் பார்த்தான், எதை நம்புவது என்று தெரியாமல் சிலிண்டரைத் தொட்டான். ஜில்லென்றிருந்தது.

"ஆறிடுச்சு," என்றான் மெதுவாக.

"ஆமா. சூட்டுல விறைச்சுக்கிட்டு நின்ன காத்து, ஆறினதும் அடங்கிடுச்சு. பம்பு அடிக்கும்போது கொதிக்குமே, நீயே ஆற வைப்பியே. ரைபிள்லயும் இப்படித்தான். நீ அடிச்சு வச்சுட்டுப் போன கொஞ்ச நேரத்துல முள்ளு இறங்கிடும்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"ஏன் சொல்லல?"

அக்கா வால்வைத் துணியால் துடைத்தாள். "சொன்னா மறுபடி அடிக்க வந்திருப்ப. வேர்த்து ஊத்திட்டு நிப்ப. இருக்கறதுல சுட்டுக்கலாம்னு விட்டுட்டேன்."

அப்படியென்றால் அவள் ஒரு நாளும் முழு அழுத்தத்தில் பயிற்சியைத் தொடங்கியதில்லை.

"கையைக் கட்டிட்டு உட்காரு," என்றாள் அக்கா. "நான் நிரப்பறதைப் பாரு. வாயைத் திறந்தே, தெரியும் சேதி."

சிலிண்டரை மடியில் சாய்த்தாள். குழாயை ரைபிளில் பொருத்தினாள். வால்வைப் பொட்டளவு திறந்தாள். மெல்லிய ஒரு சீறல். ரைபிளின் முள் தூக்கத்திலிருந்து எழுவது போல எழுந்து ஏறியது. நூறு. நூற்றைம்பது. அவள் அவசரப்படவில்லை, நடுவில் மூடி, உருளையைத் தொட்டுப் பார்த்து, ஆறவிட்டு, மறுபடி திறந்தாள். இருநூறில் நிறுத்தினாள். குழாயில் மிச்சமிருப்பதை வெளியேற்றாமல் கழற்றக் கூடாது என்று சொல்லத் தம்பி வாயெடுப்பதற்குள் திருகைத் திருப்பிவிட்டாள். புஸ்ஸென்றது. சின்ன மேகம் போல ஜில்லென்ற காற்று அவன் முகத்தில் பட்டுப் போனது.

முள் இருநூறிலேயே நின்றது.

அப்பா எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. சிலிண்டரை ஒரு விரலால் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். "இதை வெயில் படாத இடத்துல வைக்கணும் இல்ல? என் கட்டில் பக்கம்தான் வெயிலே வராது," என்றார்.

தம்பி சிலிண்டரைத் தராசில் மாட்டினான். ஏழு கிலோ முந்நூற்று முப்பது.

"ஐம்பது கிராம்," என்றான். "இத்தனை வருஷமும் தினம் நான் அடிச்சது ஐம்பது கிராம்தானா?"

அக்கா ரைபிளை மடியில் கிடத்தி, டப்பாவிலிருந்து ஒரு குண்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத எடை.

"இது அரை கிராம்டா," என்றாள். "என்னை எவ்வளவு தூரம் கொண்டு வந்திருக்குன்னு பாரு."

அவன் குண்டைக் கைக்குள் மூடிக்கொண்டான். பிறகு எழுந்து பெட்டி கட்டப் போனான்.