மூக்குக்கு எட்டாத நெடி

குளியலறையைக் கழுவ அவள் இரண்டு பாட்டில்களையும் ஒன்றாகத்தான் ஊற்றுவாள். நீலப் பாட்டிலில் அமிலம், வெள்ளைப் பாட்டிலில் பிளீச்சிங் திரவம். தனித்தனியாகவே இவ்வளவு வெளுத்து வாங்கினால், சேர்ந்தால் இரட்டிப்பாகச் செய்யாதா என்பது அவள் கணக்கு. கணக்கில் தான் புலி என்று நினைப்பு வேறு. குடியிருப்பில் அவளுக்குப் 'பளபளா அக்கா' என்று பேர்.

நெடி மூக்கில் ஏறினால்தான் அவளுக்குச் சுத்தம். சில மாதங்களாக எந்த நெடியும் ஏறவில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். பால் அடிப்பிடித்துக் கருகினால் பக்கத்து வீட்டுக்காரி வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது. மூக்கு மரத்துப்போனதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனசும் அப்படித்தான் ஆகியிருந்தது. எழுந்தாள், தேய்த்தாள், படுத்தாள்.

அன்றும் இரண்டையும் ஊற்றி ஊறவிட்டு, கதவைச் சாத்திவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போனாள். ஆறு வயது மகள் பொம்மையைக் குளிப்பாட்ட உள்ளே போய்விட்டாள். அம்மா இறங்கி வந்தபோது பிள்ளை குளியலறை வாசலில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது.

"ரெண்டையும் கலந்தா விஷவாயு வரும்மா," என்றார் டாக்டர். "உங்களுக்கு நெடி அடிக்கலையா?"

"எனக்கு ஒண்ணுமே அடிக்கல, டாக்டர்."

அதைச் சொன்னபோதும் அழுகை வரவில்லை. யார் வீட்டு விஷயத்தையோ கேட்பதுபோல நின்றாள்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் அணைக்கப் போனாள்.

"கிட்ட வராதம்மா, உன் கையில அந்த நாத்தம்." அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

மரத்துக் கிடந்த நெஞ்சில் அப்போதுதான் சுருக்கென்றது.

மறுநாள் கணவன் புதுப் பாட்டில் ஒன்று வாங்கி வந்தான். "இலைப் படம் போட்டிருக்கு பாரு, இயற்கையாம்."

அவள் திருப்பிப் பின்பக்கம் படித்தாள். அதே அமிலம். "இலை வரைஞ்சிட்டா விஷம் இல்லேன்னு ஆயிடுமா? திருப்பிக் குடுத்துடுங்க."

சோப்புத் தண்ணீரும் சமையல் சோடாவும் போதும் என்று வைத்துக்கொண்டாள். கறை அவ்வளவு சுலபத்தில் போகவில்லை. கை வலிக்கத் தேய்த்தாள்.

அடுத்த மாதம் வந்த நாத்தனார் முகத்தைச் சுளித்தாள். "என்ன அண்ணி, பாத்ரூம் கழுவலையா? வாசனையே காணோமே?"

"கழுவியாச்சு," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "நெடி அடிச்சாதான் சுத்தம்னு நானும் நினைச்சேன். ஊத்துனதுல பாதி என் பிள்ளை மூச்சுல போச்சு. மீதி சாக்கடை வழியா ஊர்த் தண்ணியில போச்சு. அழுக்கால இந்த வீட்டுல யாரும் சாகக் கிடக்கல, நான் பண்ண சுத்தத்தாலதான் என் பொண்ணு கிடந்தா. இனிமே எதை வாங்கினாலும் தரை எப்படி மின்னும்னு பார்க்க மாட்டேன். மூச்சுக்கும் தண்ணிக்கும் கெடுதல் இல்லையான்னுதான் பார்ப்பேன்."