பள்ளத்து வழி

"மேடம் கார்ல தாராளமா எங்க தெரு வழியா வரலாம். நாங்க இன்னா தடுக்கவா போறோம்? பொணம் மட்டும் பழைய வழியா போவட்டும்."

வாசலுக்குள் கால் வைக்காமல் வெளியே நின்றபடியே ஆதிகேசவன் சொன்னார். உள்ளே பெட்டியில் கிடந்தவர் யேசுதாஸ். ஆதிகேசவனின் நிலத்தில் முப்பது வருஷம் உழைத்த மனிதர்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பிரின்சி எழுந்து வந்தாள். யேசுதாஸின் மூத்த மகள். மலைச்சரிவுகளை இருபத்தைந்து வருஷம் ஆராய்ந்தவள். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். நீலகிரியில் அவள் ஆபத்து என்று கைகாட்டிய சரிவுகளிலிருந்து ஊர்களே இடம் பெயர்ந்திருக்கின்றன.

பழைய வழி என்பது சவுடு மண் அள்ளிய பள்ளத்தின் விளிம்பு. காலனிப் பிணங்களுக்கு அதுதான் பாதை. போன மழையில் அங்கே கரை சரிந்து, பெட்டி தூக்கிப்போன எட்வர்ட்டின் கால் முறிந்தது. பிரின்சி நேரில் வந்து வெடிப்புகளை அளந்தாள். எந்த நேரமும் மொத்தமாகச் சரியும் என்று ஊராட்சிக்கு அறிக்கை கொடுத்தாள். பத்தாம் நாள் பலகை நட்டார்கள்: 'ஆபத்து. இவ்வழியே மாடுகளை ஓட்டிச் செல்லக் கூடாது.'

மாடுகளைக் காப்பாற்றியிருந்தாள்.

தம்பி சாம்சன் காதருகே வந்தான். "வுடுக்கா. நீ நாளிக்கு பூடுவ. நாங்கதான் இவங்க மூஞ்சில முழிச்சிகினு தேர்வாய் கம்பெனிக்கு வேலைக்கு போவணும்."

"இவங்க ஊட்டு நெல்லு மூட்டைய நைனா எந்தத் தெரு வழியா தூக்கினு போனாரு, சாம்சா?"



பிரின்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டியின் முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்தாள். "தெரு நடுவுல நடங்க. யாரும் ஓரமா ஒதுங்காதீங்க."

தெருமுனையில் ஆதிகேசவன் நாலு பேரோடு குறுக்கே நின்றார். "பட்ச்சவங்க நீங்களே ஊர்க் கட்டுப்பாட்ட மீறலாமா, மேடம்?"

"மலையில நான் எழுந்திருன்னா ஊரே காலி பண்ணும். ஒத்திக்கோங்க."

பெட்டி நிற்கவில்லை. நாலடி தூரம் இரண்டடியானது. ஆதிகேசவன் வேட்டியை முழங்காலுக்கு மேல் வாரிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒட்டினார். கூட வந்தவர்களும் சிதறினார்கள்.

துணைவேந்தரின் சொல்லுக்கு அஞ்சி அல்ல. பெட்டி மேலே பட்டுவிடக் கூடாதே என்றுதான். எந்தத் தீட்டுக்காக யேசுதாஸ் ஆயுள் முழுக்க ஒதுங்கி நடந்தாரோ, அந்தத் தீட்டே அன்றைக்குத் தெருவை அகலமாகத் திறந்துவிட்டது.

பிரின்சி நடையை வேகப்படுத்தவில்லை.