இடக்கை மவுஸ்

கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்த பெண் பழைய பெட்டியின் தகட்டைக் கழற்றியதுமே தும்மினாள்.

"என்ன சார், உள்ள ஒரு தலகாணிக்குப் பஞ்சு தேறும் போலிருக்கே!"

பெரியவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் இருப்பது குடும்பத்துச் சமாசாரம். பிறத்தியார் கண் அதில் படுவது அவருக்குப் பிடிக்காது.

"போர்டுதான் போயிடுச்சு. ஹார்ட் டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. எல்லாத்தையும் நான் கொண்டுவந்த புதுசுக்கு மாத்திடலாம்."

"ஒண்ணையும் திறந்து பார்க்கக் கூடாதும்மா."

"எங்க வீட்டுக் கதையைப் பார்க்கவே எனக்கு நேரமில்ல சார்." ஹார்ட் டிஸ்க் இருந்த சிறிய உலோகப் பெட்டியைக் கழற்றி, புதுக் கம்ப்யூட்டரோடு ஒரு ஒயரால் இணைத்தாள். "ஃபைல் மட்டும் போதுமா, செட்டிங்ஸும் வேணுமா?"

"எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்."

திரையில் பச்சைக் கோடு மெல்ல நகர ஆரம்பித்தது.

அது கடையில் இருந்த கம்ப்யூட்டர். அப்பா தொடங்கிய மூக்குக்கண்ணாடிக் கடை. பெரியவர் முன்னால் உட்கார்ந்து வருகிறவர்களுக்குக் கண்ணாடி பொருத்துவார்; தம்பி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வான். கடை படுத்தபோது, பெயர்ப்பலகையோடு வேறொருவருக்கு வாடகைக்கு விடலாம் என்றான் தம்பி. "அப்பா பேரை வாடகைக்கு விடறவன் என் வீட்டுப் படி ஏறக் கூடாது" என்றார் பெரியவர். சொன்னது சொன்னதுதான். பலகையும் கம்ப்யூட்டரும் வீட்டுக்கு வந்தன. தம்பி வரவில்லை.

அவன் இடக்கைக்காரன். மவுஸின் பட்டன்களைத் தன் கைக்கு ஏற்ப மாற்றி வைத்திருந்தான். பெரியவர் அதைத் தொடவில்லை. என்றைக்காவது வந்து உட்கார்ந்தால் தடுமாறக் கூடாதே என்று முதலில் நினைத்தார். பிறகு அப்படி நினைப்பதையும் விட்டுவிட்டார். ஆனால் அவருடைய இடக்கை அதற்குப் பழகிவிட்டது.

பச்சைக் கோடு நிறைந்தது. அந்தப் பெண் மவுஸைப் பிடித்து அழுத்தினாள். தேவையில்லாமல் ஏதோ ஒரு பட்டியல் விரிந்தது.

"அட, பட்டன் இடம் மாறிக் கிடக்கு! இதுவும் கூடவே வந்திருக்கு பாருங்க. ரசீதுல வலதுகையாலதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"தம்பி இடக்கை."

"கூட இருக்காரா?"

"வேலையா வெளியூர்ல இருக்கான்."

அவர் வாயில் வரும் பொய் அது ஒன்றுதான். பலரிடம் சொல்லிச் சொல்லி நாக்கு வழுக்காமல் வந்தது. தம்பி இதே ஊரில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தான்.

"அப்ப நேராக்கிடறேன் சார்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால், ஏன் என்று கேட்பாள். வாயை மூடிக்கொண்டார். அவள் மாற்றிவிட்டு, மவுஸை வலப்பக்கம் வைத்து, தன் அட்டையை மேஜையில் விட்டுப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் கை இடப்பக்கம் போய் வெறும் மேஜையைத் தொட்டது. மவுஸை எடுத்து அங்கே வைத்தார். எதைத் திறக்கப் போனாலும் அந்தப் பட்டியலே விரிந்தது. வலக்கையால் முயன்று பார்த்தார், அது யாரோ ஒருவருடைய கை போலிருந்தது. வீட்டில் ஃபேன் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

அட்டையைக் கையில் எடுத்தார். கவிழ்த்து வைத்தார். பிறகு, மனப்பாடமாக இருந்த வேறொரு எண்ணைப் போனில் அழுத்தினார்.

"யாரு?"

"நான்தான்."

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தம் சட்டென்று நின்றது.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல," என்றார் அவசரமாக. "புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கு. மவுஸைப் பழையபடி மாத்தணும்."

"எந்தப் பழையபடி?"

"உன் கைக்கு இருந்தபடி."

"அதை நீங்க இன்னுமா மாத்தல?"

"மாத்தத் தெரியல."

"நம்பிட்டேன்," என்றான். "செட்டிங்ஸைத் திறங்க. மவுஸ்னு இருக்கா?"

"எந்தப் பட்டனை அழுத்தறது?"

"உங்களுக்கெல்லாம் இடது எது, வலது எதுன்னு சொல்லிக் குடுக்கணுமாக்கும்! இடது பட்டன்தான் அண்ணா."

அண்ணா. அந்தச் சொல் காதில் விழுந்து எத்தனை காலம்! பெரியவர் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார்.

"மவுஸுன்னு இருக்கு."

"அதுல மெயின் பட்டன் எதுன்னு கேட்கும். வலதுன்னு குடுங்க."

கொடுத்தார். இடக்கையின் ஆள்காட்டி விரலால் மெல்லத் தட்டினார். திரையில் இருந்த அம்பு சொன்ன பேச்சைக் கேட்டது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. இனி கேட்க ஒன்றுமில்லை.

"ஆச்சா அண்ணா?"

பெரியவர் திரையைப் பார்த்தார்.

"இல்ல," என்றார். "இன்னும் வரல. முதல்லேர்ந்து சொல்லு."