உத்தமனின் இடது நுரையீரல்

திங்கட்கிழமை காலை உத்தமன் லேபுக்குள் வந்து எக்ஸ்ரே உறையை என் மேஜையில் வைத்துவிட்டு, அழப்போகிற பிள்ளை மாதிரி நின்றான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மிஷின் ஓட்டுகிற ஆள், தூண் மாதிரி உடம்பு.

"அக்கா, எனக்கு நெஞ்சுல அஞ்சு எடத்துல கீதாம். கல்யாணம் வேணான்ட்டாங்க."

படத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். இடது நுரையீரலில் மேலிருந்து கீழாக ஐந்து வெளிறிய வட்டங்கள், கோலப்புள்ளி மாதிரி அளவெடுத்த இடைவெளியில். எந்தக் காசநோயும் இவ்வளவு ஒழுக்கமாக வராது. அந்த ஐந்தையும் வைத்தவள் நான்தான்.

எண்பத்தொன்பதில், திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த அந்த லேபில் இரண்டே பேர். முதலாளி எட்மண்ட் சார், அப்புறம் ஞானசௌந்தரி என்கிற நான். எவ்வளவு தின்றாலும் தேறாத குழந்தைகளின் மலத்தை டாக்டர்கள் எங்களுக்கு அனுப்புவார்கள். கணையம் ஒழுங்காக வேலை செய்தால் அதில் டிரிப்ஸின் என்ற நொதி இருக்கும். கறியையும் பருப்பையும் குடலுக்குள் கரைப்பது அதுதான். எக்ஸ்ரே படத்தில் பூசியிருக்கும் ஜெலட்டினைக்கூட அது விடாது. மலத்தைத் தண்ணீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாகப் படத்தில் வைத்து, ஒரு மணி நேரம் இளஞ்சூட்டில் விட்டுக் கழுவ வேண்டும். பூச்சு போயிருந்தால் குழந்தைக்குக் கணையம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இதற்குப் புதுப் படம் வாங்க எட்மண்ட் சாருக்கு மனசு வருமா? யாரும் திரும்பி வந்து கேட்காத பழைய எக்ஸ்ரேக்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை கன்னியம்மாளின் குழந்தைக்கு அந்த டெஸ்ட். ஐந்து சொட்டும் பூச்சைக் கரைத்துவிட்டன. குழந்தைக்குக் கணையத்தில் கோளாறில்லை என்றதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். அந்தப் பூரிப்பில், படம் பழைய கட்டிலிருந்து வந்ததல்ல, ரத்த ரிப்போர்ட்டோடு சேர்த்து வாங்கிக்கொள்வதாக உத்தமன் விட்டுப்போனது என்பதை யார் கவனித்தார்கள்? மறுநாள் எனக்கு லீவு. எட்மண்ட் சார் படத்தின் மூலையில் இருந்த பெயரைப் படித்து, காய்ந்ததும் உறையில் போட்டு அவனிடமே கொடுத்துவிட்டார்.

எக்ஸ்ரே கேட்டது பெண்ணின் அம்மா வேம்புலியம்மாள். புருஷன் நாகப்பனை நெஞ்சு நோய்க்குப் பறிகொடுத்தவள். சூடு கண்ட பூனை. மகள் சாமுண்டீஸ்வரிக்கு வருகிறவன் ஜாதகத்தோடு எக்ஸ்ரேயும் தரவேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர்கள் முன்னால் அதை வெயிலில் பிடித்து, ஒன்று இரண்டு என்று ஐந்துவரை எண்ணி, தாம்பூலத்தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம்.

வேறு எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்து அனுப்பு, லேப் பெயர் வெளியே வரவேண்டாம் என்றார் எட்மண்ட் சார். உத்தமன் அதையும் யோசித்திருந்தான். புதுப் படம் கொடுத்தால், வேறு எவனுடைய நெஞ்சையோ கொண்டுவந்துவிட்டான் என்று அந்த அம்மாள் சொல்லுமாம். சொல்லக்கூடியவள்தான். வேறு வழியில்லாமல், அவள் கண்ணெதிரேயே டெஸ்டைச் செய்து காட்ட, கன்னியம்மாள் வீட்டுக்குப் போய்ப் புதிதாக ஒரு டப்பா மலம் வாங்கினேன். தன் பிள்ளையால் ஒரு கல்யாணம் நடக்கப்போகிறது என்றதும் அவளுக்கு ஒரே பெருமை, நாளைக்கும் வேண்டுமா என்று கேட்டாள். டப்பாவைச் சாப்பாட்டுக் கூடையில் வைத்து, பழைய கட்டிலிருந்து ஒரு படத்தையும் எடுத்துக்கொண்டு, உத்தமனோடு ஆவடிக்கு ரயிலேறினேன்.

வேம்புலியம்மாள் வாசலில் நின்றே முழுக்கதையையும் கேட்டாள்.

"இன்னாது, பீயா?"

"நல்ல புள்ளையோட பீ, அத்தே" என்றான் உத்தமன்.

"வச்சிக் காமி."

நான் கொண்டுபோன பழைய படத்தை அவள் தொடக்கூட இல்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து நாகப்பனின் எக்ஸ்ரேயை எடுத்து வந்தாள். வலது பக்கம் மேலே வெள்ளையாக ஒரு திட்டு. விரலால் அதைத் தொட்டு, "இங்க வை" என்றாள். வைத்தேன்.

படத்தைத் துவைக்கிற கல்மேல் வெயிலில் கிடத்தினோம். அக்கம்பக்கமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றி நின்றது, ஒருவர்கூட நகரவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கழுவினேன். உத்தமனுக்கு இருந்த மாதிரியே வெளிறிய வட்டம். கதவோரம் நின்ற சாமுண்டீஸ்வரி வாய்விட்டுச் சிரித்தாள். அதோடு முடிந்தது என்று நான் கூடையை எடுத்தேன்.

"பின்னாடியும் பூச்சு கீதா?" என்றாள் வேம்புலியம்மாள்.

இருக்கிறது என்றேன். இரண்டு பக்கமும் போய்விட்டால் அந்த இடத்தில் வெறும் பிளாஸ்டிக்தான் மிஞ்சும் என்றும் சொன்னேன்.

"அங்கயும் வை."

இன்னொரு மணி நேரம். காபி வந்தது. துவைக்கிற கல்லைப் பார்த்துக்கொண்டே அதைக் குடிக்க யாருக்கும் மனசில்லை. உத்தமன் மட்டும் இரண்டு டம்ளர் குடித்தான்.

கழுவிக் கொடுத்த படத்தை முந்தானையால் ஒற்றி, சூரியனுக்கு நேராகத் தூக்கினாள். எலும்புகள் இருந்தன, இதயம் இருந்தது. திட்டு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வெகுநேரம் பார்த்தாள்.

"போயிடுச்சி" என்றாள், யாரிடம் என்றில்லாமல். பிறகு படத்தை இறக்காமலே, தாம்பூலத்தட்டை எடுத்து வரும்படி மகளிடம் சொன்னாள். நாகப்பனின் நெஞ்சு வழியாக ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெயில் வந்து அவள் கன்னத்தில் விழுந்திருந்தது.