கால் பட்ட இடம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை நான் குப்புறப் படுத்திருந்தபோது கிடைத்தது. சிகிச்சைக் கட்டிலில் முகம் வைக்க ஒரு ஓட்டை இருக்கும். அதன் வழியாகத் தரையில் ஒரு ரப்பர் செருப்பையும் சில எறும்புகளையும் மட்டும்தான் பார்க்க முடிந்தது. என் இடுப்பை அழுத்திக்கொண்டே அந்தப் பெண் சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அல்லது இன்னும் அதிகமாகப் பயந்திருப்பேன்.

அவளை அன்புக்கரசி என்று கூப்பிடுவோம். திண்டுக்கல்லில் பிசியோதெரபி பார்க்கிறாள். கிளினிக் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. இடுப்புவலிக்காரர்களை ஏணிப்படி மாதிரி செங்குத்தான படியில் ஏறவிட்டு வேடிக்கை பார்க்கும் கட்டட முதலாளியின் நகைச்சுவை உணர்வைப் பற்றித் தனியாக ஒரு கதை எழுதலாம். இது அதுவல்ல.

எனக்கு அவள் போட்டிருக்கும் கட்டளை ஒன்று இருக்கிறது. ஒரேயடியாக அரை மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது. போனில் அலாரம் வைத்திருக்கிறேன். அடித்தால் எழுந்துவிட வேண்டும், வாக்கியம் முடிந்தாலும் முடியாவிட்டாலும். எழுந்து வாசல்வரை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தால், அந்த வாக்கியம் எங்கே போக நினைத்தது என்பது சுத்தமாக

2

(அலாரம். அப்படியே விட்டுவிடுகிறேன்.)

கதைக்கு இரண்டு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "ரெட்டியார்சத்திரத்துக்கு மேற்கே, மலைகள் நீலமாகத் தெரியும் ஒரு தக்காளிக் காட்டில்..." வேண்டாம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவன் எழுதியது மாதிரி இருக்கிறது. அந்தக் காட்டில் குனிந்து நிற்பவருக்கு மலை தெரியாது.

இரண்டாம் தொடக்கம்: "அன்புக்கரசி பிறந்தபோது முதலில் வெளியே வந்தது அவளுடைய இடது கால்." இது இருக்கட்டும்.

தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்து பிறந்த பிள்ளையை எங்கள் பக்கத்தில் சும்மா விடமாட்டார்கள். இடுப்புப் பிடித்துக்கொண்டால் அந்தப் பிள்ளை ஒரு மிதி மிதித்தால் போதும், சரியாகிவிடும் என்பது நம்பிக்கை. அன்புக்கரசி பள்ளிக்கூடம் போகிற வழியில் யாராவது வாசலில் குப்புறப் படுத்துக் காத்திருப்பார்கள். புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டு மிதிப்பாள். கையில் ஒரு கொய்யாப்பழம் வந்து சேரும். தெருவில் அவளுக்கு மரியாதையே தனி.*

(* பலருக்குச் சரியாகவும் செய்தது. சாதாரணத் தசைப்பிடிப்பு பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே குறையும், மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும். பேர் மட்டும் காலுக்குப் போய்விடும். இதையும் அவள்தான் சொன்னாள். "படிச்சு முடிச்சப்பறந்தான் சார் பயமே வந்துச்சு. நான் ஏறி மிதிச்ச முதுகுல எதுக்குள்ள என்ன இருந்துச்சோ.")

3

புதிதாக வருகிற யாரையும் அவள் உடனே கட்டிலில் படுக்க வைப்பதில்லை. சில கேள்விகள் கேட்பாள். வலி காலுக்கு இறங்குகிறதா, இருமினால் தெறிக்கிறதா, எதைத் தூக்கினீர்கள். எல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் குரலைக் கொஞ்சம் தணித்து இதைக் கேட்பாள்:

"ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போறதுல ஏதாச்சும் வித்தியாசம் தெரியுதா? உக்கார்ற எடத்துல மரத்துப்போன மாதிரி இருக்கா?"

ஆமாம் என்று பதில் வந்தால் பயிற்சி கிடையாது, தைலம் கிடையாது, நேரே பெரிய ஆஸ்பத்திரி. காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகிற நரம்புகள் முதுகெலும்பின் கீழே கொத்தாக இறங்கும் இடத்தை ஏதோ நசுக்கிக்கொண்டிருக்கலாம். தாமதித்தால் கால் போய்விடும். மற்ற இடுப்புவலிகளுக்குப் பொறுமையும் நடையும் பயிற்சியும் போதும். இது ஒன்றுக்கு மட்டும் பொறுமை உதவாது.

ஆண்கள் எல்லாரும் இந்தக் கேள்விக்குக் கூரையைப் பார்க்கிறார்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்கிறார்கள். நானும் பார்த்தேன். என் விஷயத்தில் அது உண்மைதான். இருந்தாலும் அவள் விடவில்லை. இன்னொரு தடவை கேட்டாள்.

"கூச்சப்படாதீங்க சார். நான் தெனமும் கேக்குறதுதான்."

ஊரில் இருக்கிற அத்தனை ஆண்களிடமும் கூசாமல் கேட்கிறவள், போன வாரம் ஒரு நாள் காலையில் என் இடுப்பை அழுத்திக்கொண்டிருந்தபோது, நான் எதுவும் கேட்காமலேயே சொன்னாள்: "எங்கப்பாகிட்ட மட்டும் கேக்க முடியல சார்."

இந்தக் கதை அந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் நான்

4

மலைச்சாமியை, அதாவது அவளுடைய அப்பாவை, நான் பார்த்ததில்லை. ஆகவே அவரை எழுதும்போது கை தயங்குகிறது. முதலில் மீசை வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். பிடிவாதக்காரர் என்று எழுதினேன். அதுவும் சரியில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடமெல்லாம் "எம்மக டாக்டரு" என்று சொல்கிற மனிதர் அவர். மகள்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. நம்பிக்கை படிப்பில் இல்லாமல் காலில் இருக்கிறது, அவ்வளவுதான்.

தக்காளிக் காட்டில் பெட்டி தூக்குவது எப்படி என்று அவள் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். முட்டியை மடக்கு, பெட்டியை நெஞ்சோடு அணை, தூக்கும்போது இடுப்பைத் திருப்பாதே. மலைச்சாமி அப்படித்தான் தூக்குவார், அவள் பார்க்கும்போது மட்டும். அன்றைக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிற வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். மலைச்சாமி குனிந்தார், தக்காளிப் பெட்டியைத் தூக்கினார், தூக்கிய கையோடு திரும்பினார்.

சில நாள் கழித்து, அவள் என்னிடம் இதைச் சொன்ன அன்றைக்குக் காலையில்தான், அம்மா மாயம்மாள் போன் செய்தாள். அந்தப் பேச்சை அன்புக்கரசி எனக்கு அப்படியே சொன்னாள்.

"ஒங்கப்பாவுக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. நீ வந்து ஒரு மிதி மிதிச்சுட்டுப் போவியாம்."

"அம்மா, மிதிக்கவெல்லாம் கூடாது. வலி காலுக்கு எறங்குதான்னு கேளு."

"நேத்துவரைக்கும் எறங்குச்சு. இன்னைக்கு வலி கொறஞ்சிருச்சாம். காலு மட்டும் தூங்கிப்போன மாதிரி இருக்குங்குறாரு."

வலி குறைந்ததில் மாயம்மாளுக்கு நிம்மதி. அன்புக்கரசிக்கு அப்படி இல்லை. வலிக்கிற கால் பேசிக்கொண்டிருக்கிறது. பேச்சு நின்றால்தான் பயப்பட வேண்டும். அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். அவர் வந்தார். "ஒண்ணுமில்ல தாயி" என்றார். அந்தக் கேள்வி நாக்கு நுனிவரை வந்தது.

"சாப்டீங்களாப்பா?" என்று கேட்டாள்.

"ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டேன் சார்" என்றாள் என்னிடம். "நான் வந்து மிதிச்சாத்தான் எங்கயும் வருவேங்குறாரு. உங்களுக்கு முடிச்சுட்டுக் கெளம்புறேன்."

அப்புறம், "சரி, திரும்பிப் படுங்க" என்றாள். நான் திரும்புவதற்கு வெகு நேரம் பிடித்தது. அந்த நேரமும் என் இடுப்புக்குத்தான் போனது.

5

மறுநாள் கிளினிக் பூட்டியிருந்தது. அதற்கு மறுநாளும். இன்றைக்கும் ஏறிப் பார்த்தேன், பூட்டுதான். கீழே செல்போன் கடை வைத்திருக்கும் அப்பாஸ், "அவங்க ஊருக்குப் போயிருக்காங்க சார், அப்பாவுக்கு ஏதோ முடியலயாம்" என்றார்.

அவள் நம்பர் என்னிடம் இருக்கிறது. போன் செய்யவில்லை. செய்தால் கதை முடிந்துவிடும், எந்தப் பக்கம் முடியும் என்று தெரியாது. இது எழுத்தாளனின் தந்திரம் என்று நினைக்காதீர்கள். உள்ளபடியே பயமாக இருக்கிறது.

6

ஆகவே எனக்குத் தெரியாததை எழுத வேண்டியிருக்கிறது. எழுதிப் பார்த்து அடித்தவை:

(அ) அன்புக்கரசி மிதிக்கிறாள். மலைச்சாமி எழுந்து உட்கார்ந்து சிரிக்கிறார். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் இதை எங்காவது ஒருவர் படித்துவிட்டு, காலால் பிறந்த பிள்ளையைத் தேடிப்போய்க் குப்புறப் படுத்தால் யார் பொறுப்பு? அடித்தேன்.

(ஆ) மிதிக்கிறாள். அவருடைய கால்கள் அத்தோடு போகின்றன. எச்சரிக்கையாக இருக்கும், சுவரில் ஒட்டுகிற சுகாதார விளம்பரம் மாதிரி. ஆனால் அவள் அப்படி மிதிக்கிறவள் இல்லை. என் முதுகில் அவள் கை வைத்த விதம் எனக்குத் தெரியும். அடித்தேன்.

(இ) மிதிக்க மாட்டேன் என்று சண்டை போடுகிறாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நேரம் போகிறது, நேரம் போகிறது, நேரம்

7

(நடந்துவிட்டு வந்தேன். இதை அலாரம் அடிப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.)

அவள் உள்ளே நுழைந்தபோது அப்பா ஏற்கெனவே முன்னறையில், சிமென்ட் தரையில் குப்புறப் படுத்திருந்தார். வேட்டியை முழங்கால்வரை ஏற்றிவிட்டிருந்தார். பள்ளிக்கூடம் போகிற வழியில் காத்திருந்த அத்தனை பேரும் இப்படித்தான் படுத்திருந்தார்கள்.

"வந்துட்டியா தாயி. ஒரே ஒரு மிதி. அப்பறம் நீ சொல்ற ஆஸ்பத்திரிக்கெல்லாம் வாரேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. கேள்வி வரவில்லை. மாயம்மாள் சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சரிப்பா. மிதிக்கிறேன்" என்றாள் அன்புக்கரசி.

செருப்பைக் கழற்றினாள். முதுகுப் பக்கம் போகவில்லை. கால்மாட்டில் நின்றாள். வாயால் கேட்க முடியாததைக் காலால் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. பாரம் கொடுக்காமல் இடது பாதத்தை அவருடைய குதிகாலில் வைத்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெருவிரலால் உள்ளங்காலில் மெல்லக் கோடு இழுத்தாள். சிறு வயதில் அப்பா தூங்கும்போது அங்கேதான் கிச்சுகிச்சு மூட்டுவாள், உதறிக்கொண்டு எழுந்திருப்பார். கால் அசையவில்லை. பாதத்தை மேலே நகர்த்திக் கெண்டைக்கால் சதையில் வைத்தாள். கொஞ்சம் அழுத்தினாள்.

"சாமியக் கும்புட்டுக்க" என்றார் மலைச்சாமி, தரையைப் பார்த்தபடி.

இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

"ஏன் நிக்கிற? யோசிக்காத தாயி. கால வையி."

மாயம்மாள் மகளின் காலைப் பார்த்தாள். அது எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

அன்புக்கரசி காலை எடுக்கவில்லை. எடுத்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. ஊர் ஆண்களிடம் தினமும் கேட்கிற குரல் இப்போது அவளுக்கு வரவில்லை. வேறொரு குரல்தான் வந்தது, அவளுக்கே பழக்கமில்லாத குரல்.

"அப்பா, ஒண்ணுக்குப் போயி எம்புட்டு நேரமாச்சு?"

8

மலைச்சாமி என்ன சொன்னார் என்று நான் எழுத மாட்டேன்.

இரண்டு பதில்களையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஆம்புலன்ஸ் நேரத்துக்குத் திண்டுக்கல் வந்து சேர்கிறது. சில மாதம் கழித்து அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த மாடிப்படியில் ஏறுகிறார், மகள் கீழிருந்து முட்டியை மடக்கச் சொல்லி அதட்டுகிறாள். இன்னொன்றை முடிக்கவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு, முடிக்காதது உண்மையாக இருக்கக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேலை கொடுக்கிறேன். முதலில் எழுந்திருங்கள், இவ்வளவு நேரமாக நீங்களும் உட்கார்ந்தேதான் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, பிடிப்புதான்" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் இருக்கலாம். அப்பாவாக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம், சாப்பிட்டீர்களா என்பதற்கு மேல் நீங்கள் எதுவும் கேட்டிராதவராக இருக்கலாம். கேள்வி மூன்றாம் பகுதியில் இருக்கிறது. போய்க் கேளுங்கள். அவர் சொல்வதுதான் இந்தக் கதையின் முடிவு.

அவர் கூரையைப் பார்த்தால், இன்னொரு தடவை கேளுங்கள்.